கயிறு அறுந்தால் கண்ணும் காசும் போக வேண்டாம்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் விளைகளில் காடு வெட்டி முடித்துத் திரும்புவதற்குள் மறுபடி முளைத்து நிற்கும். வெட்டுகத்தி பிடிக்க ஆள் கிடைக்காத இடங்களில் இப்போது தோளில் மாட்டும் புல்வெட்டும் மிஷின்தான். சொந்தமாக ஒன்று வாங்கி, கூலிக்கு வெட்டிப் பிழைப்பவர்கள் பலர். அந்த மிஷினில் அடிக்கடி பழுதாவது, இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு.

கயிறு அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கயிற்றில் இருப்பதில்லை. பழைய பெட்ரோலை டாங்கிலேயே விட்டு மழைக்காலம் முழுக்க மூலையில் வைத்தால் கார்பரேட்டர் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பிளக்கில் கரி பிடிக்கும். எஞ்சின் பிடிக்காத கோபத்தில் கயிற்றைக் கடைசி வரைக்கும், அதுவும் பக்கவாட்டில், வெட்டி வெட்டி இழுப்போம். கயிறு துளையின் விளிம்பில் உரசித் தேயும். பிளக்கையும் கார்பரேட்டரையும் பார்க்காமல் கயிற்றை மட்டும் மாற்றினால் புதுக்கயிறும் நெடுநாள் தாங்காது.

ஆபத்து ஸ்டார்ட்டர் மூடிக்குள் இருக்கிறது. கயிறு சுற்றும் கப்பிக்கு அடியில் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று சுருண்டு இறுகிக் கிடக்கிறது. கப்பியைச் சட்டென்று தூக்கினால் அந்த ஸ்பிரிங் சீறிப் பிரியும். அதன் விளிம்பு விரலைக் கிழிக்கும், நுனி கண்ணில் அடிக்கும். கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது.

முதல் வேலை, பிளக் மூடியைக் கழற்றுவது. கயிறு முழுதாக அறுந்திருந்தால் ஸ்பிரிங் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். பாதியில் சிக்கி நின்றிருந்தால் முறுக்கு அப்படியே உள்ளே இருக்கும். கப்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக மெல்லத் தளர்த்திய பிறகே நடு ஸ்க்ரூவைத் தொட வேண்டும். புதுக்கயிறு பழையதன் கனமும் நீளமும் கொண்டதாக இருக்கட்டும். நைலான் நுனியைத் தீயில் காட்டி உருக்கிக்கொண்டால் பிரியாது. மாட்டி முடித்ததும் கயிற்றை முழுக்க இழுத்துப் பாருங்கள்: அப்போதும் கப்பி இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முறுக்கு அதிகம், ஸ்பிரிங் ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கே வெளியே வந்துவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. அவசரத்துக்கு வேறு கயிற்றை நேரடியாகச் சக்கரத்தில் சுற்றி இழுப்பவர்களையும் பார்க்கிறோம். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் போய்விடும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது மிஷினைத் தரையில் அழுத்திப் பிடியுங்கள், பிளேடு எதிலும் படக் கூடாது. சோக் போட்டிருக்கும்போது எஞ்சின் பிடித்த உடனே பிளேடும் சுற்றத் தொடங்கலாம். வெட்டும்போது மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

அடுத்தது காசு. கயிறும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று சில கடைகளில் சொல்லிவிடுவார்கள். வாரண்டி இருக்கும்போதே கைவிரிப்பதும் உண்டு. இங்கே நமக்குச் சட்டம் துணை இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். வாரண்டி முடிந்த பழைய மிஷினாக இருந்தாலும், காசு வாங்கிச் செய்த ரிப்பேரில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடுதான். எச்சரிக்கையோ சரியான செய்முறையோ சொல்லாமல் விற்ற பொருளால் காயம்பட்டால் தயாரித்தவரிடமும் இழப்பீடு கேட்கலாம்.

"நீ மிஷினை வாடகைக்கு ஓட்டுகிறாய், அதனால் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்பட வேண்டாம். தன் உழைப்பால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய கருவி வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் விளக்கமாகச் சொல்கிறது. பல மிஷின் வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்கு மட்டும் இந்த வாதம் பலவீனமாகும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்.

உதிரிபாகமும் ரிப்பேர் கையேடும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் வந்தது. இந்த ரிப்பேர் உரிமை தனிச் சட்டமாக வந்தால்தான் விளையில் நிற்கும் மனிதருக்கு முழுப் பயன். அதுவரை மேலே சொன்ன சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புகார் நிற்பதற்குச் சான்று வேண்டும். பில், வாரண்டி கார்டு, மிஷினின் சீரியல் எண் தெரியும் போட்டோ, கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒடிந்த ஸ்பிரிங்கையும் அறுந்த கயிற்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்குங்கள்; பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.