மோடம் நெட்வொர்க்கில் சேர மறுக்கிறதா?

கேபிள் வழி இன்டர்நெட் வராத ஊர்களில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள், யு.எஸ்.பி. மோடம் ஒன்றையும் சேர்த்து வாங்குகிறார்கள். டேட்டா கார்ட், நெட் செட்டர், டாங்கிள் எனப் பல பெயர்களில் இதனை அழைக்கிறோம். செருகியவுடன் இன்டர்நெட் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் "நோ சர்வீஸ்" என்று செய்தி வந்தால், மோடம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பலர் புதியதை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் மோடம் நன்றாகவே இருக்கும்.

பழவேற்காடு ஏரியை ஒட்டி, தமிழக - ஆந்திர எல்லையில் இருக்கிறது ஆரம்பாக்கம். அங்கே ஒரு மீனவர் வீட்டில் நான் பார்த்த மோடம் இதற்கு நல்ல உதாரணம். அந்த வீட்டுப் பெண் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை ஆன்லைனில் தர வேண்டும். அதற்கு மூன்று நாட்கள்தான் அவகாசம். ஒரு நாள் ஏற்கனவே போய்விட்டது. "மாமா, லைட்டு எரியுது, நெட்டு மட்டும் வரல" என்றாள். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடன் படகில் போயிருந்தது. என் போனிலேயே முடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மறுநாளும் அவள் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும். எனவே மோடத்தையே சரி செய்ய உட்கார்ந்தோம்.

என்ன நடக்கிறது?

மோடத்தைச் செருகியவுடன் அது நான்கு வேலைகளைச் செய்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து மின்சக்தி பெறுகிறது. சிம் கார்டைப் படிக்கிறது. சுற்றியுள்ள டவர்களைத் தேடுகிறது. பின் ஒரு டவரிடம் "என்னைச் சேர்த்துக் கொள்" என்று கேட்கிறது. நெட்வொர்க் அந்த சிம்மைச் சோதித்து அனுமதி தந்தால்தான் பதிவு முடிகிறது. இந்த நான்கில் எங்கே தடை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. சிம் கார்ட்: மோடத்தில் உள்ள சிம்மை எடுத்து ஒரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கும் நெட்வொர்க் வரவில்லை என்றால் பிரச்னை சிம்மில்தான். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் சிம்மை நிறுவனம் ரத்து செய்ய டிராய் விதிகள் இடம் தருகின்றன. அலமாரியில் கிடந்த பழைய சிம் என்றால் இதனை முதலில் கவனியுங்கள். சிம்மிற்கு பின் எண் பூட்டு இருந்தால் அதனை நீக்கிவிடுங்கள். ஏரிக்கரை, கடற்கரை வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று பட்டு சிம்மின் உலோகப் பரப்பு மங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்துப் போடவும்.

2. மோடத்தின் தலைமுறை: இன்று பலர் ஏமாறும் இடம் இது. ஜியோ 2016-ல் தொடங்கியதே 4ஜி சேவையுடன்தான். அதற்கு 2ஜி, 3ஜி டவர்களே இல்லை. எனவே பழைய 3ஜி மோடத்தில் ஜியோ சிம்மைப் போட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் பதிவாகாது. ஏர்டெல் 2020-ல் 3ஜியை நிறுத்திவிட்டது. எனவே அதன் சிம் 3ஜி மோடத்தில் 2ஜி வேகத்திற்கு இறங்கிவிடும். டாடா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் போன்ற சி.டி.எம்.ஏ. மோடங்களுக்கு இப்போது நெட்வொர்க்கே கிடையாது. யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள்.

3. மின்சக்தி: யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும். சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் உரக்கப் பேச வேண்டியிருப்பதால் அதிக மின்சாரம் இழுக்கும். அப்போது நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளோ, மின் இணைப்பு இல்லாத ஹப்போ இடையில் இருந்தால் மோடம் அணைந்து அணைந்து எரியும். நேரடியாக கம்ப்யூட்டரின் போர்ட்டில், டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில், செருகிப் பாருங்கள். ஜன்னல் அருகே கொண்டு போக கேபிள் தேவை என்றால் ஒன்றிரண்டு மீட்டர் உள்ள தரமான கேபிள் போதும்.

4. சிக்னல்: நீர்ப்பரப்பின் மேல் மரமோ கட்டடமோ இல்லாததால் அக்கரை டவரின் சிக்னல் வெகுதூரம் வரும். திரையில் ஒன்றிரண்டு கோடுகள் தெரியும். ஆனால் டவரின் பேச்சு நமக்குக் கேட்பதால் நம் மோடத்தின் பேச்சு டவருக்குக் கேட்கும் என்று பொருளல்ல. டவர் உரக்கப் பேசும். மோடத்தின் குரல் சிறியது. சாதாரண 2ஜி டவருக்கு தூர எல்லையே சுமார் 35 கிலோமீட்டர்தான். எனவே மோடத்தை ஏரிப் பக்க ஜன்னலில் மட்டுமல்லாமல், ஊர்ப் பக்க ஜன்னலிலும் வைத்துப் பார்க்கவும்.

5. ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?: ஆரம்பாக்கம் வீட்டில் முதல் நான்கும் சரியாகவே இருந்தன. அந்த சிம் என் போனில் உடனே வேலை செய்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் எல்லைக்கு அந்தப்புறம் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறார். முந்தைய மாதம் மோடத்தை அங்கே எடுத்துச் சென்றவர், மோடம் சாப்ட்வேரில் நெட்வொர்க் தேர்வை மேனுவல் ஆக்கி, ஆந்திர நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வீட்டிற்கு வந்த பின்னும் மோடம் அதனை மட்டுமே தேடிக் கொண்டிருந்தது. பக்கத்துத் தமிழக டவரை அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரே நிறுவனம் என்றாலும் மாநிலத்திற்கு மாநிலம் நெட்வொர்க் எண் வேறு. எடுத்துக்காட்டாக, ஏர்டெல் தமிழ்நாட்டிற்கு 40494, ஆந்திராவிற்கு 40449. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் காரணம் இதுதான்.

இதனைச் சரி செய்ய, மோடம் சாப்ட்வேரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நெட்வொர்க் எனச் செல்லவும். அங்கே ரெஜிஸ்ட்ரேஷன் மோட் என்பதில் ஆட்டோ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். பிரவுசரில் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும் மோடம் என்றால், அட்ரஸ் பாரில் 192.168.8.1 போன்ற அதன் முகவரியைத் தந்து, நெட்வொர்க் செட்டிங்ஸில் இதே மாற்றத்தைச் செய்யலாம். சரியான முகவரி மோடத்தின் பெட்டியிலோ முதுகிலோ அச்சிடப்பட்டிருக்கும்.

எல்லையோரம் இருப்பவர்கள் டேட்டா ரோமிங் என்பதையும் ஆன் செய்து கொள்ளுங்கள். இல்லையெனில் ஆந்திர டவரில் பதிவாகியும் இன்டர்நெட் வராது. நாட்டிற்குள் ரோமிங் கட்டணத்தை ஏர்டெல் 2017 ஏப்ரல் 1 முதல் நீக்கியது. உங்கள் திட்டத்தில் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

மோடத்திடமே கேளுங்கள்

இன்னும் பிடிபடவில்லையா? 1981-ல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் காலத்திலிருந்து மோடங்கள் ஏடி என்று தொடங்கும் கட்டளைகளுக்குப் பதில் சொல்லி வருகின்றன. டிவைஸ் மேனேஜரில் மோடத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் காம் போர்ட் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். மோடம் சாப்ட்வேரை மூடிவிட்டு, புட்டி என்ற இலவச புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்வு செய்து அந்த எண்ணைத் தரவும். பின் கீழ்க்காணும் கட்டளைகளை ஆங்கில எழுத்துக்களில், இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். (பிரவுசர் வகை மோடங்களில் இந்தப் போர்ட் பெரும்பாலும் இருக்காது.)

ஏடி+சிபிஐஎன்? - ரெடி என்று வந்தால் சிம் நலம்.

ஏடி+சிஎஸ்க்யூ - சிக்னல் அளவு. 0 முதல் 31 வரை. 10-க்குக் கீழ் என்றால் பலவீனம். 99 வந்தால் அளக்க முடியவில்லை.

ஏடி+சிஆர்இஜி? - பதிவு நிலை. 4ஜி மோடத்தில் சிஇஆர்இஜி என்று தரவும். விடையின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 1 என்றால் சொந்த நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது. 5 என்றால் ரோமிங்கில். 2 என்றால் இன்னும் தேடுகிறது. 3 என்றால் நெட்வொர்க் மறுத்துவிட்டது. 3 வந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றிப் பயனில்லை. சிம்முடன் நிறுவனத்தின் சேவை மையத்திற்குச் செல்லுங்கள்.

ஏடி+சிஓபிஎஸ்=0 - நெட்வொர்க் தேர்வை மீண்டும் ஆட்டோமேட்டிக் ஆக்கும்.

அந்த வீட்டில் முதலில் கிடைத்த விடை 2. கடைசிக் கட்டளையைத் தந்த ஒரு நிமிடத்திற்குள் 1 வந்தது. அன்று மாலையே பட்டியல் பதிவானது. மறுநாள் அவளே அதனைத் திருத்தி முடித்தாள். மோடத்திற்காகக் கடைக்குப் போகவில்லை. ஒரு ரூபாயும் செலவில்லை. உங்கள் மோடம் அடுத்த முறை அடம் பிடித்தால், கடைக்குக் கிளம்பும் முன் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்து பாருங்கள்.