பச்சையைப் படித்தவர்கள் – 9: காகிதத்தில் ஒட்டிய காடு

சென்ற வாரம் தியோஃபிராஸ்டஸோடு நிறுத்தியிருந்தோம். அரிஸ்டாட்டிலின் மாணவரான அவர் செடியைச் செடியாகவே பார்த்தவர். பின்னால் வந்தவர்கள் செடியை மருந்தாக மட்டுமே பார்த்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடிஸ் சுமார் 600 தாவரங்களைப் பற்றி எழுதிய மருத்துவ நூலைத்தான் ஐரோப்பா ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் கையால் படியெடுத்துக்கொண்டிருந்தது. படியெடுக்க எடுக்கப் படங்கள் சிதைந்தன. ஏட்டில் இருப்பது எந்தச் செடி, வேலியோரம் நிற்பது எந்தச் செடி என்று பொருத்திப் பார்க்கவே முடியாமல் போனது. மூலிகை என்று நம்பி நஞ்சைப் பறித்துவிடக்கூடிய நிலைமை அது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் லூகா கினி (1490–1556). இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் மூலிகைப் பாடம் நடத்தியவர். குளிர்காலம் வந்தால் வகுப்பில் காட்டுவதற்குச் செடியே இருக்காது. பறித்த செடியைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, இன்னொரு காகிதத்தில் ஒட்டினார். ஹெர்பேரியம் என்று இன்று நாம் சொல்வது அங்கே தொடங்கியது. 1544-ல் அவர் பீசா நகருக்குப் போய் ஒரு தாவரத் தோட்டத்தையும் உருவாக்கினார். அவர் சேர்த்த தொகுப்பு பிழைக்கவில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள், உத்தியும் கூடவே போனது. மாணவர்களில் ஒருவரான ஆண்ட்ரியா செசல்பினோ 1563-ல் உருவாக்கிய தொகுப்பு பிளாரன்ஸ் நகரில் இன்றும் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘செசல்பினியா’ இவர்தான்.

தாவரவியல் மருத்துவத்தின் பிடியிலிருந்து விடுபட்டது இங்கேதான் என்பது என் எண்ணம். ஏப்ரலில் மலையில் பறித்ததையும் ஆகஸ்டில் கடற்கரையில் பறித்ததையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தத் தோட்டத்தாலும் முடியாது, காகிதத்தால் முடியும். ஒப்பிடத் தொடங்கியதும் கேள்வியே மாறிவிட்டது. ‘இது எந்த நோய்க்கு ஆகும்?’ என்பது போய், ‘இது எதற்கு உறவு?’ என்பது வந்தது. செசல்பினோ 1583-ல் வெளியிட்ட நூல் தாவரங்களைக் கனி, விதை அமைப்பை வைத்து வகைப்படுத்தியது. வகைப்பாட்டியல் என்ற முதல் பெரும் கிளைக்கு அதுவே வேர்.

முதல் இரு நூற்றாண்டுகளில் காய்ந்த செடிகளைப் புத்தகமாகத் தைத்து வைத்தார்கள். தைத்தபின் வரிசையை மாற்ற வழியில்லை. ஒரு தாளில் ஒரு செடி, தாளைத் தைக்காமல் தனித்தனியாக அலமாரியில் அடுக்கு என்று 1751-ல் எழுதினார் லின்னேயஸ். புதிய செடி கிடைத்தால் நடுவில் செருகலாம். கருத்து மாறினால் தாளை வேறு தட்டுக்கு மாற்றலாம். இரண்டே ஆண்டுகளில், 1753-ல், இரட்டைப் பெயர் முறையில் தாவரங்களுக்குப் பெயரிட்ட அவருடைய பெருநூல் வந்தது.

ஒரு தாள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பூவும் காயும் உள்ள கிளையாக வெட்ட வேண்டும். சிறு செடியென்றால் வேரோடு. செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பும்போது ஓர் இலையையாவது திருப்பி வைக்க வேண்டும். அடிப்பக்கத்து மயிரும் நரம்பும் தெரிந்தால்தான் பல செடிகளை இனம் காணமுடியும். மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிக் கட்டி, ஈரம் இழுத்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். காய்ந்த செடியைப் பூச்சி அரிக்காமலிருக்க, நம் நாட்டில் மெர்குரிக் குளோரைடு கலந்த ஆல்கஹாலில் முக்கி எடுப்பது நெடுநாள் வழக்கம். பிறகு 42 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டி, காம்பை நூலால் தைப்பார்கள். உதிரும் விதைகளுக்கு மூலையில் ஒரு சிறு காகித உறை.

வலது கீழ் மூலையில் குறிப்புச்சீட்டு. பெயர், பறித்த இடம், உயரம், தேதி, பறித்தவர், வரிசை எண். இவற்றோடு காய்ந்தபின் காணாமல் போகிறவையும் அதில் இருக்க வேண்டும்: பூவின் நிறம், மணம், ஒடித்தால் பால் வந்ததா என்பது. சீட்டு இல்லாத செடி ஆய்வுக்குச் சருகுதான்.

ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் ஏதாவது ஒரு தாளோடு நிரந்தரமாகக் கட்டப்படுகிறது. அதை மூலமாதிரி என்பார்கள். நூறு ஆண்டு கழித்துச் சர்ச்சை வந்தாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்திரப்பதிவில் மூலப்பத்திரம் போல.

இதற்கிடையே மற்ற கிளைகளும் முளைத்தன. மால்பீகியும் நெகமையா குரூவும் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கி வழியே தண்டின் குறுக்குவெட்டைப் பார்த்து உள்ளமைப்பியலைத் தொடங்கினார்கள். செயலியல், நோயியல், சூழலியல், மரபியல் ஒவ்வொன்றாக வந்தன. ஆய்வுக்கூடங்கள் பெருகியபோது, காய்ந்த இலை பழைய காலத்து வேலை என்ற எண்ணமும் பரவியது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைப் பிறகு அந்தக் கிளைகளே காட்டின.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். காரணம் பூஞ்சை போன்ற ஓர் உயிரி என்பதை 1861-ல் நிறுவியவர் ஜெர்மானியரான ஆன்டன் டி பாரி. தாவர நோயியலின் முன்னோடி. ஆனால் அன்று தாக்கியது அந்த உயிரியின் எந்த வகை? நோய் கண்ட உருளைக்கிழங்கு இலைகளை அந்தக் காலத்திலேயே சிலர் பறித்து, உலர்த்தி, தேதி போட்டு வைத்திருந்தார்கள். லண்டனின் கியூ தோட்டத்திலும் மியூனிக்கிலும் இருந்த அத்தகைய இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து 2013-ல் விடையைச் சொன்னார்கள். அதுவரை குற்றவாளி என்று கருதப்பட்ட வகை அல்ல அது, நெருங்கிய உறவான வேறொரு வகை. டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில் அந்த இலையைப் பறித்தவர் தேதியைத் தவறாமல் எழுதியிருக்கிறார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இன்னொன்று. இலைத்துளைகள் வழியாகத்தான் செடி கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கிறது. காற்றில் அது கூடினால் குறைந்த துளைகளே போதும். 1987-ல் இயன் உட்வர்ட் என்ற பிரிட்டன் ஆய்வாளர் ஹெர்பேரியத்தில் இருந்த எட்டு வகை மரம், புதர்களின் இலைகளில் துளைகளை எண்ணினார். 200 ஆண்டுகளில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. தொழிற்புரட்சியின் புகை இலையின் தோலிலேயே பதிவாகியிருந்தது.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளைச் சேகரித்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் பின்பாதியான ‘கோனிகி’ அவரைத்தான் குறிக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967-ல் நிறுவியவர் கே.எம். மேத்யூ என்ற பாதிரியார். தமிழகத்துச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் மாணவர்களோடு அலைந்து அவர் சேர்த்த தாள்களிலிருந்துதான் 1980-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் ‘கர்நாட்டிக்’ பகுதித் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் தொகுதிகள் உருவாயின. வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் அவர் வாழ்க்கை நிறைவானதே.

உலகில் இப்படிச் சுமார் 3,500 ஹெர்பேரியங்களில் ஏறத்தாழ 40 கோடித் தாள்கள் இருக்கின்றன. இழப்பும் நடந்திருக்கிறது. 1943 மார்ச்சில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் அந்நகரின் ஹெர்பேரியம் பெரும்பகுதி எரிந்துபோனது. மூலமாதிரிகளும் ஏராளமாக அழிந்தன. போரில்லாமலும் இழப்பு வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள சுமார் 8,25,000 தாள்களை வேறிடம் அனுப்பிவிட்டு ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தது. இன்னும் பெயர் சூட்டப்படாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பறிக்கப்பட்டு, யாரும் உற்றுப் பார்க்காமல் அலமாரிகளில் கிடக்கின்றன என்று ஒரு கணிப்பு 2010-ல் வந்திருக்கிறது. அலமாரியைக் காலி செய்யும் முடிவு எனக்கு அச்சம் தருவது இதனால்தான்.

நம் ஊர்க் கல்லூரிகளிலும் பழைய தாள்கள் இருக்கின்றன. அவற்றின் பகை சிகரெட் வண்டும் ஈரமும். வண்டு பிடித்த கட்டைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். ஓர் உறைபெட்டியும், ஈரம் புகாத அறையும், சீட்டுகளைப் படமெடுத்துப் பதிவேற்ற ஒரு கேமராவும், இவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கிடைத்தால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

அடுத்த வாரம், செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று சூரியகாந்தித் தொட்டியைத் தராசில் நிறுத்துப் பார்த்த ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ்.

(தொடரும்)