ரப்பர் புஷ்ஷும் அதற்கேற்ற கிரீஸும்

காரின் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடங்களில் இரும்போடு இரும்பு உரசாமலிருக்க ரப்பர் புஷ்கள் பொருத்தப்படுகின்றன. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும் அதிர்வை உள்வாங்குவதும் இவைதான். புஷ் பழசாகிக் கிறீச்சிடத் தொடங்கினால், கையில் கிடைத்த எண்ணெயைத் தெளித்துவிடுவது பலரது வழக்கம். சத்தம் அப்போதைக்கு அடங்கும். ஆனால், எண்ணெய் தவறானதாக இருந்தால் புஷ்ஷின் ஆயுளும் குறையும்.

இயற்கை ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்களும் இதே வகைச் சேர்மங்கள்தான். அதனால் எண்ணெய் ரப்பருக்குள் எளிதில் புகுந்து, சங்கிலிகளை விலக்கிக்கொண்டு தங்கிவிடுகிறது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும்போது உண்டான குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் ரப்பர் கரைந்துபோவதில்லை. உப்புகிறது, மெத்தென்றாகிறது, பாரம் தாங்கும் வலுவை இழக்கிறது. என்ஜின் ஆயில், டீசல், வாசலின், சாதாரண லித்தியம் கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாமே இந்த வகைதான். ஈ.பி.டி.எம். ரப்பருக்கும் இவை ஆகாது. நைட்ரைல் ரப்பரோ எண்ணெயைத் தாங்கும்படியே உருவாக்கப்பட்டது. அதனால்தான் ஆயில் சீல்களில் அது பயன்படுகிறது.

எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன், எண்ணெய் தேவைதானா என்று பார்ப்பதே முறை. லோயர் ஆர்மில் இருக்கும் புஷ்களில் பெரும்பாலானவற்றில் ரப்பர் உலோகக் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். அங்கே எதுவும் வழுக்கி நகர்வதில்லை; ரப்பரே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது. வழுக்காத இடத்தில் மசகுக்கு வேலையில்லை. அத்தகைய புஷ் கத்தினால் ஒட்டு விட்டிருக்கலாம் அல்லது ரப்பர் கிழிந்திருக்கலாம். மாற்றுவதுதான் வழி. புதியதைப் போடும்போது, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையில்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

எந்த புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க வெறும் தண்ணீர் போதும். ஒவ்வொன்றாக நனைத்து வண்டியை அமுக்கிப் பார்த்தால், சத்தம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். தண்ணீர் ரப்பரைக் கெடுக்காது.

மசகு உண்மையிலேயே வேண்டிய இடங்களும் உண்டு. கம்பி உள்ளே சுழலும் வகை ஸ்டெபிலைசர் பார் புஷ்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்தால் சிலிகான் கிரீஸ் தடவலாம். சிலிகான் எண்ணெய் இயற்கை ரப்பரோடு கலப்பதில்லை, சூட்டையும் நன்றாகத் தாங்கும். பாலியூரித்தேன் புஷ்களில் பல, வழுக்கியே வேலை செய்பவை. அவற்றோடு வரும் பிசுபிசுப்பான கிரீஸைத் தவிர்க்கக் கூடாது. புஷ்ஷை உள்ளே தள்ளிப் பொருத்துவதற்கு மட்டும் என்றால் சோப்புத் தண்ணீரே போதும், காய்ந்ததும் வழுக்கல் போய்விடும். விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சிவப்பு ரப்பர் கிரீஸும் இயற்கை ரப்பருக்கு ஒத்துப்போகும். பழைய கார்களின் பிரேக் திரவத்திலேயே விளக்கெண்ணெய் இருந்தது.

சிலிகானை பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ படவிடக் கூடாது, பிரேக் பிடிக்காது. பெயின்ட் அடிக்கப்போகும் தகடுகளிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். சிலிகான் ஸ்பிரே வாங்குவோர் லேபிளைப் படிப்பது நல்லது: சிலவற்றில் சிலிகானைக் கரைத்து வைத்திருப்பதே பெட்ரோலியக் கரைப்பான்தான்.