இன்டெக்ரேஷன் சர்வர் கற்க எங்கே தொடங்குவது?

ஹப்சிகுடா, தார்நாக்கா, உப்பல் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில் இன்று ஒரு பிள்ளையாவது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறது. ஜாவா, டாட் நெட் என்றால் பெற்றோருக்கும் ஓரளவு புரிகிறது. ஆனால் வேலையில் சேர்ந்த பிள்ளை, "என்னை இன்டெக்ரேஷன் டீமில் போட்டிருக்கிறார்கள், வெப்மெத்தட்ஸ் படித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள்" என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. கல்லூரியில் இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. உடனே, அமீர்பேட்டையில் பணம் கட்டிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை நம் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில், இது என்ன வேலை? நம் ஹைதராபாத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. ஒரு காலத்தில் மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு வரிசை, தண்ணீர் வரிக்கு இன்னொரு வரிசை, வீட்டு வரிக்கு வேறொரு அலுவலகம் என்று அலைந்தோம். 1999-ல் 'ட்வின்ஸ்' என்ற திட்டமும், 2001-ல் 'ஈ-சேவா'வும் வந்தபின் எல்லாவற்றையும் ஒரே கவுண்டரில் கட்ட முடிந்தது. ஒவ்வொரு துறையின் கணக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தும், கவுண்டரில் நின்ற நமக்கு அது தெரியவில்லை.

வியாபார நிறுவனங்களிலும் இதே கதைதான். விற்பனைப் பிரிவின் கம்ப்யூட்டர் ஒரு பாஷை பேசும், கிடங்கின் கம்ப்யூட்டர் வேறொன்று பேசும், வங்கியுடையது மூன்றாவது. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் அறிந்த ஒருவர் நடுவில் நின்று பேசி முடித்துவைப்பதைப் போல, இவற்றின் நடுவே நிற்பதுதான் இன்டெக்ரேஷன் சர்வர். செய்தியை வாங்கி, மாற்றி, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். வழியில் அது தொலையவும் கூடாது, இரண்டு முறை போய்ச் சேரவும் கூடாது.

இந்தச் சர்வர்களின் பெயர்கள் பல. அவற்றின் கதையைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வெப்மெத்தட்ஸ் 1996-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2007-ல் ஜெர்மனியின் சாஃப்ட்வேர் ஏஜி அதை வாங்கியது. 2024-ல் அது ஐபிஎம் கைக்குப் போனது. விவேக் ரணதிவே 1997-ல் நிறுவிய டிப்கோ 2014-ல் கைமாறி, 2022-ல் சிட்ரிக்ஸுடன் இணைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2000-ல் வெளியிட்ட பிஸ்டாக் சர்வருக்கு 2020-ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி, அதற்கான ஆதரவும் 2030 ஏப்ரலில் முடிகிறது. ஆகவே, ஒரு சர்வரின் பெயரை மட்டும் நம்பிப் படித்தவர் அந்தப் பெயரோடு சேர்ந்து ஆடவேண்டியிருக்கும். அடியில் உள்ள வேலையைப் படித்தவருக்கு எந்தச் சர்வரும் சில வாரங்களில் பழகிவிடும்.

அந்த அடிப்படையைக் கற்க ஒரு நல்ல நூல் உண்டு. கிரெகோர் ஹோப், பாபி வுல்ஃப் இருவரும் எழுதி 2003-ல் வந்த 'எண்டர்பிரைஸ் இன்டெக்ரேஷன் பேட்டர்ன்ஸ்'. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகளை 65 வடிவங்களாக அதில் பிரித்திருக்கிறார்கள். அவற்றின் சுருக்கத்தை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். அந்த வடிவங்களைச் செய்து பார்க்க, 'அப்பாச்சி கேமல்' என்ற இலவச மென்பொருள் 2007 முதல் இருக்கிறது. ஜாவா தெரிந்த பிள்ளைக்கு அது எளிது.

இன்னொன்று நம் பக்கத்து நாட்டிலிருந்தே வந்தது. சஞ்சீவ வீரவரண, பால் ஃப்ரீமாண்டில் முதலானோர் 2005-ல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பில் வேர் கொண்டது. அதன் இன்டெக்ரேஷன் சர்வர் வழியே அமெரிக்காவின் ஈபே நிறுவனம் ஒரு நாளில் நூறு கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை நடத்தியது. 2024-ல் ஸ்வீடன் நாட்டு ஈக்யூடி நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2-ஐ வாங்கியது. ஆனால் மூல நிரல் திறந்தே கிடப்பதால், கற்பவர் அதைப் பிரித்துப் பார்க்கலாம். படிப்படியான பாடங்களையும் நிறுவனமே இணையத்தில் வைத்திருக்கிறது.

இவற்றில் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு ஒரு சிறு வேலையைச் செய்து பார்க்கட்டும். ஒரு மளிகைக் கடையின் பத்து ஆர்டர்களை ஒரு கோப்பில் எழுதி, சர்வர் அதைப் படித்து எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவுக்கு மாற்ற வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவை ஓர் இடத்துக்கும் மற்றவை வேறிடத்துக்கும் போக வேண்டும். பிறகு, வாங்கும் பக்கத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு அனுப்பிப் பார்க்க வேண்டும். போகாத ஆர்டர் எங்கே நிற்கிறது? மறுபடி யார் அனுப்புவது? உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கேமலில் 'ரூட்' என்பதும், வெப்மெத்தட்ஸில் 'ஃப்ளோ சர்வீஸ்' என்பதும், பிஸ்டாக்கில் 'ஆர்கெஸ்ட்ரேஷன்' என்பதும் பெரும்பாலும் இதே வேலைக்கு இட்ட பெயர்களே என்பது அப்போது விளங்கும்.

அப்படியானால் அமீர்பேட்டை வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2017 முதல் ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அங்கே இறங்கலாம். மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள பயிற்சி நிலையங்களால் வேலை பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் மேற்சொன்ன சிறு வேலையைச் செய்து பார்த்துவிட்டுப் போங்கள். பல நிலையங்களில் முதல் வகுப்பு இலவசம். அதில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர் தாமே செய்து பார்க்கச் சர்வர் தருவார்களா? எந்தப் பதிப்பு? செய்தி தவறிப்போனால் மீட்பது எப்படி என்ற பாடம் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் பணம் கட்டுங்கள். கையில் ஜெராக்ஸ் நோட்டைக் கொடுத்து, "எல்லாம் இதில் இருக்கிறது" என்றால் யோசியுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாம் ஊரை விட்டு வந்தபோது வழிகாட்ட ஆள் குறைவு. நம் பிள்ளைகளுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் பழகிய தம்பி தங்கைகள் நம் சங்கக் குடும்பங்களில் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பத்து ஆர்டர் வேலையைக் காட்டிக் கொடுத்தாலே போதும். பயிற்சிக் கட்டணம் மிச்சமாகும். அதைவிட, வேலையின் முதல் மாதங்களில் அந்தப் பிள்ளை பயந்து விழிக்காமல் தலை நிமிர்ந்து உட்காரும்.