பெயர் இல்லாத வண்டு

கடந்த டிசம்பர் விடுமுறையில் கம்பளைப் பக்கத்திலுள்ள உம்மம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். வீட்டின் பின்புறமாகத் தேயிலைச் சரிவிலிருந்து ஓர் ஓடை இறங்கி வருகிறது. கால் நனைக்கப் போன நான், நீர் வேகமாகப் பாயும் இடத்தில் கிடந்த கல்லொன்றைத் தூக்கிப் புரட்டினேன். அதன் அடியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமான ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது. கைவில்லையால் பார்த்தேன். அது ஒரு வண்டு! உடலோடு ஒப்பிட்டால் மிக நீண்ட நகங்களால் கல்லைப் பற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிரம்பிய போத்தல் மூடிக்குள் விட்டபோது அது நீந்தவில்லை, காற்றுக்காக மேலே வரவுமில்லை. அடியில் ஊர்ந்து திரிந்தது. அதன் வயிற்றுப்புறம் மட்டும் வெள்ளி பூசியதுபோல மின்னியது.

இணையத்தில் தேடினேன். அதுபோன்ற படம் எதுவும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான், நான் ஒரு புதிய இனத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். அதற்கு உம்மம்மாவின் பெயரை வைப்பதென்றும் தீர்மானித்தேன். நானா சிரித்தார். நான் சட்டை செய்யவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு வண்டை அதே கல்லிலேயே விட்டுவிட்டேன்.

பாடசாலை தொடங்கியதும் உயிரியல் ஆசிரியையிடம் ஓடினேன். படங்களைப் பொறுமையாகப் பார்த்த அவர் மூன்று கேள்விகள் கேட்டார். "மகள், இது எந்தக் குடும்பம்? இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீங்களா? இது ஆணா, பெண்ணா?" ஒன்றுக்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த விடைகளைத் தேடி நான் படித்தவற்றைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எந்தக் குடும்பம்?

வண்டுகள் அனைத்தும் கொலியோப்தெரா என்ற வருணத்தைச் சேர்ந்தவை. அவற்றின் தடித்த முன்சிறகுகள் இரண்டும் ஓடுபோல முதுகை மூடியிருக்கும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் சுமார் 4 இலட்சம். இவற்றுள் நீரில் வாழ்பவை பற்றி யேக், பால்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விவரிக்கப்பட்ட நீர்வண்டினங்கள் ஏறத்தாழ 12,600. உண்மையில் இருக்கக்கூடியவை சுமார் 18,000. அதாவது இன்னும் ஆயிரக்கணக்கான இனங்கள் பெயரின்றி நீருக்குள் வாழ்கின்றன.

நீர்வண்டுகள் எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. அவை எப்படிச் சுவாசிக்கின்றன, எப்படி நகர்கின்றன என்று கவனித்தாலே பலவற்றைப் பிரித்தறியலாம். டைற்றிசிடே குடும்பத்து வண்டுகள் பின்கால்கள் இரண்டையும் துடுப்புகள் போல ஒன்றாக வீசி நீந்தும். அவை உடலின் பின்முனையை நீர்ப்பரப்பில் நீட்டி, முன்சிறகுகளின் அடியில் காற்றைச் சேமித்துக்கொள்ளும். ஐதரோபிலிடே குடும்பத்தவை கால்களை மாறி மாறி அசைக்கும். தலைப்பக்கமாக மேலே வந்து உணர்கொம்புகளின் உதவியால் காற்றைப் பெறும். நீர்ப்பரப்பில் வட்டமிட்டுச் சுழல்பவை ஜைரினிடே குடும்பத்தவை. அவற்றின் ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி நீருக்கு மேலேயும் மறுபகுதி நீருக்குக் கீழேயும் பார்க்கும்.

என் வண்டு இவற்றில் எதுவுமில்லை. நீந்தாமை, நீண்ட நகங்கள், ஓடும் நீர், வெள்ளிபோன்ற வயிறு ஆகிய அனைத்தும் எல்மிடே என்ற குடும்பத்தையே சுட்டின. சாதாரண தரத்தில் நாம் படித்த இணைக்கவர்ச் சுட்டியின் பயன் எனக்கு அன்றுதான் உண்மையில் விளங்கியது. முதற் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் அந்தக் குடும்பத்திலும் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. இலங்கையிலிருந்தும் பல ஏற்கனவே விவரிக்கப்பட்டிருக்கின்றன.

புதியது என்று எப்படிச் சொல்வது?

இணையத்தில் படம் இல்லை என்பது ஓர் ஆதாரமே அல்ல. ஒரு வண்டு புதிய இனம் என்று சொல்வதற்கு, அந்தச் சாதியில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களின் விவரணங்களைத் தேடி வாசிக்க வேண்டும். அவற்றுட் சில நூற்றைம்பது வருடங்களுக்கும் மேல் பழையவை. வாசித்தும் தெளிவு வராவிட்டால் 'மூலமாதிரி'யைப் பார்க்க வேண்டும். ஒரு பெயர் எந்தத் தனி உயிரியின் மீது முதன்முதலாகச் சூட்டப்பட்டதோ அந்த உயிரியே மூலமாதிரி. அது ஏதாவது ஒரு நூதனசாலையில் ஊசியில் குத்தப்பட்டோ எதனோலில் இடப்பட்டோ பாதுகாக்கப்படும்.

இலங்கைப் பூச்சிகளின் கதையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1858 முதல் பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயர், இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த பூச்சிகளை விவரித்துத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். விவரிக்கப்படாதவை போலத் தோன்றும் பூச்சிகள் என்றே அவற்றுக்குத் தலைப்பிட்டார். அவர் பெயரிட்ட உயிரிகள் ஆயிரக்கணக்கானவை. ஆனால் போதிய ஒப்பீடின்றி வேகமாகச் செய்ததால், ஒரே பூச்சிக்கே பல பெயர்களைச் சூட்டிவிட்டார் என்ற விமர்சனத்துக்கும் ஆளானார். அத்தகைய சந்தர்ப்பங்களில் பொதுவாக முதலில் வெளியான பெயரே நிலைக்கும். ஏனையவை மறுபெயர்களாக ஒதுக்கப்படும். அவற்றைச் சீர்செய்வதற்குப் பின்வந்தவர்கள் பட்ட பாடு பெரிது. அவசரமாக வைக்கும் பெயர், பெயரே வைக்காமல் விடுவதைவிட அதிக வேலை தரும் என்பதை இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆணா, பெண்ணா?

இக்கேள்வியை ஆசிரியை ஏன் கேட்டார் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. சிறு வண்டுகளில் நெருங்கிய இனங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நிறமும் அளவும் ஏமாற்றும். ஆனால் ஆண் வண்டின் வயிற்றினுள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். எனவே ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் அதைப் பிரித்தெடுத்து, வரைந்து ஒப்பிடுவார்கள். 3 மில்லிமீற்றர் வண்டில் இது தலைமுடியின் தடிப்பில் நடக்கும் வேலை! பெண் வண்டு மட்டும் கையில் இருந்தால், பல வேளைகளில் முடிவு சொல்லவே முடியாது.

இப்போது டீ.என்.ஏ.யும் துணைக்கு வந்திருக்கிறது. இழைமணியிலுள்ள ஒரு பரம்பரையலகின் ஏறத்தாழ 650 மூலச்சோடிகள் நீளமான பகுதியை வாசித்து இனங்களை ஒப்பிடுகிறார்கள். எனினும் அது உருவவியலுக்குப் பதிலாக அல்ல, அதனோடு சேர்த்தே பயன்படுகிறது. ஒரே ஒரு வண்டும் போதாது. ஓர் இனத்துக்குள்ளேயே உள்ள வேறுபாடுகளை அறியப் பல மாதிரிகள் தேவை. அவ்வாறு சேகரிப்பதற்கு உரிய அனுமதியும் பெற வேண்டும்.

போர்னியோவின் மூன்று வண்டுகள்

இந்தப் படிகள் எல்லாம் ஒழுங்காக நிறைவேறிய ஒரு கதையைச் சொல்கிறேன். மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோத் தீவிலே மாலியாவு வடிநிலம் இருக்கிறது. செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த, கிண்ணம் போன்ற மழைக்காடு அது. 2017இல் அங்கு ஓர் ஆய்வுப் பயணம் நடந்தது. ஈவா நுயுன்யிச் என்ற பெண் பூச்சியியலாளரும் மென்னோ ஸ்கில்த்தவுசன் என்ற உயிரியலாளரும் ஆரம்பித்த திட்டம் அது. அதன் சிறப்பு என்னவென்றால், விஞ்ஞானிகளோடு சாதாரண பொதுமக்களும் ஓடைகளில் இறங்கித் தேடினார்கள்.

அவர்கள் சேகரித்தவற்றுள் க்ரூவெலினஸ் என்ற சாதியைச் சேர்ந்த மூன்று புதிய இனங்கள் இருந்தன. இச்சாதியும் என் வண்டின் குடும்பமான எல்மிடேயைச் சேர்ந்ததே! மணிலாவில் பணியாற்றிய ஹென்றிக் பிரைடாக் என்ற ஆய்வாளர் மற்றவர்களோடு இணைந்து 2018இல் அவற்றை முறையாக விவரித்து வெளியிட்டார். ஒன்றின் பெயர் க்ரூவெலினஸ் லியோனார்டோடிகாப்ரியோயி. பயணத்தில் பங்குபற்றியவர்கள் வாக்களித்து, சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுக்கும் ஹொலிவூட் நடிகர் ஒருவரின் பெயரை அதற்குத் தெரிவு செய்தனர். மற்றொன்றுக்கு ஆந்த்ரே கைப்பர்ஸ் என்ற நெதர்லாந்து விண்வெளி வீரரின் பெயர். மூன்றாவது 'குவெஸ்ட்' எனப் பெயர் பெற்றது. நடிகரின் பெயரைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டால் 3 மில்லிமீற்றர் வண்டைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியிருக்குமா?

பெயர் எப்படி நிலைபெறுகிறது?

விலங்குகளுக்கான இருசொற் பெயரீடு, கரோலஸ் லினேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. இன்று சர்வதேச விதிகள் உண்டு. புதிய இனம் ஏனையவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். மூலமாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லோரும் பெறக்கூடிய முறையில் வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் 2012 முதல் 'சூபேங்க்' என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். பெயருக்கும் இலக்கணம் உண்டு. ஆணின் பெயரைச் சூட்டினால் இறுதியில் இலத்தீன் 'இ' விகுதி வரும். 'டிகாப்ரியோயி' என்பதன் ஈற்றிலுள்ளது அதுவே. பெண்ணின் பெயரானால் 'ஏ' விகுதி. அப்படியானால் என் உம்மம்மா ஹலீமாவின் பெயர் 'ஹலீமே' என்று வர வேண்டும். நான் எழுதி வைத்திருந்த பெயரே பிழை!

இவ்வளவு வேலை இருப்பதால் காலமும் எடுக்கிறது. ஒரு புதிய இனம் முதன்முதலில் சேகரிக்கப்பட்டு, விவரிக்கப்படும்வரை சராசரியாக 21 வருடங்கள் செல்கின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நான் பிறந்து 17 வருடங்கள்தான்.

மீண்டும் ஓடைக்கு

"இதெல்லாம் எதுக்கு மகள்? ஒரு பூச்சிக்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று உம்மா கேட்டார். உம்மாவுக்கான விடை அந்த வண்டின் வெள்ளி வயிற்றிலேயே இருந்தது.

எல்மிடே வண்டின் உடலில் மிக நுண்ணிய, அடர்ந்த உரோமங்கள் உள்ளன. அவை ஒரு மெல்லிய காற்றுப்படலத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாம் காணும் வெள்ளி மினுக்கம் அக்காற்றுத்தான். ஓடும் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் அப்படலத்துக்குள் பரவிக்கொண்டே இருப்பதால் வண்டு மேலே வரத் தேவையில்லை. ஆனால் சவர்க்காரம் நீரின் பரப்பிழுவையைக் குறைக்கும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கோப்பைத் தண்ணீரில் ஓர் ஊசியை மெதுவாக மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு துளி சவர்க்காரக் கரைசலை விடுங்கள். ஊசி மூழ்கிவிடும். அதேபோல வண்டின் உரோமங்களுக்கிடையிலும் நீர் புகுந்துவிடும். காற்றுப்படலம் போய்விட்டால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். ஆகவே இவ்வண்டுகள் ஓர் ஓடையின் சுத்தத்துக்குச் சாட்சிகள்.

ஓகஸ்ட் விடுமுறையில் மீண்டும் போனேன். உம்மம்மாவும் அயலவர்களும் உடுப்புக் கழுவும் கல்லுக்குக் கீழே 12 கற்களைப் புரட்டினேன். ஒரு வண்டும் இல்லை. கழுவும் இடத்துக்கு மேலே 12 கற்களைப் புரட்டினேன். மூன்று வண்டுகள் இருந்தன. ஒரு நாள் தேடலை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். அங்கே நிழல் அதிகம், நீரோட்டமும் வேறு. ஆனாலும் உம்மம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நாங்க சவுக்காரம் போடாமலா உடுப்புக் கழுவுறது?" என்று கேட்டார் உம்மம்மா. நியாயமான கேள்விதான். நான் ஊசியை மிதக்கவிட்டுக் காட்டினேன். ஊசி மூழ்கியதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் இரண்டு வாளிகளைக் கரைக்குக் கொண்டுபோனார். தண்ணீரை அள்ளி மேலே வைத்துக் கழுவி, அழுக்குத் தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். அயலவர்கள் இன்னும் பழைய கல்லில்தான் கழுவுகிறார்கள். அவர்களுக்கும் அந்த ஊசியைக் காட்ட வேண்டும்.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் என்று மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஒன்றின் பெயரை அறிவதென்றால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து அறிவது என்று இப்போது விளங்குகிறது. பெயரில்லாத ஒன்று ஓர் ஓடையிலிருந்து மறைந்துபோனால், மறைந்தது எது என்று எழுதிவைக்கக்கூட நம்மால் முடியாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உயிரியல் படிக்கும் எங்களில் பலர் வைத்தியராக வேண்டுமென்று நீங்கள் துஆச் செய்கிறீர்கள். அந்த துஆ எங்களுக்கு வேண்டும். ஆனால் யாராவது ஒரு மகள் நனைந்த பாவாடையோடு, கையில் ஒரு கல்லோடு வீட்டுக்கு வந்தால், ஏசுவதற்கு முன் அந்தக் கல்லின் அடியில் என்ன இருக்கிறதென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் குறிப்புப் புத்தகத்தில் வண்டின் படத்துக்குக் கீழே முன்பு எழுதியிருந்த பெயரை வெட்டிவிட்டேன். இப்போது அங்கே திகதி, இடம், நீரின் ஆழம், கண்டவரின் பெயர் ஆகியன உள்ளன. 'குடும்பம்: எல்மிடே' என்றும் அதற்கடுத்து 'இனம்: தெரியாது' என்றும் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த ஆசிரியை, "இதுதான் மகள், முதலாவது சரியான பதிவு" என்றார்.