பவுண்டேசன் தேவையில்லாத பிள்ளைகள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் அரியாலையில் வீட்டுக்கு வீடு இரண்டு கணக்குப் பார்ப்பார்கள். முதலாவது, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. அது காணாது என்று தெரிந்ததும் தொடங்குவது, பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்ற கணக்கு. லண்டனில் சித்தப்பா, ரொறன்ரோவில் மாமி என்று தொலைபேசி அழைப்புகள் போகும். அந்த நாட்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, பவுண்டேசன் படிக்காமல் வெளியில கம்பஸுக்குப் போகேலாதாமே, உண்மையோ?"

உண்மையில்லை. பட்டப்படிப்புக்கு முந்திய அந்த ஒரு வருட ஆயத்தப் படிப்பு எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தேவையே இல்லை. இதை உரத்துச் சொல்ல ஆள் இல்லாததால் காணியை ஈடு வைத்து ஒரு வருடப் படிப்பை வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன.

இசட் புள்ளி காணாது போவதும் பரீட்சையில் தோற்பதும் ஒன்றல்ல. இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி, ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் தரச் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும். அந்தத் தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடையாது. இருக்கும் இடங்களும் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிகின்றன. ஆகவே இங்கே இரண்டு பி, ஒரு சி எடுத்தும் விரும்பிய பீடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளையை நாங்கள் 'விடுபட்ட பிள்ளை' என்கிறோம். பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவு அதே சான்றிதழை வேறு விதமாகப் பார்க்கிறது. அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் இலங்கை உயர்தரத்தைத் தங்கள் ஏ லெவலுக்கு நிகராக வைத்து, மூன்று பாடத் தரங்களை மட்டும் கேட்கின்றன. அவர்களுக்கு இசட் புள்ளி ஒரு பொருட்டே அல்ல.

பிரேசில் மாணவர்களின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பள்ளிப் படிப்பு பன்னிரண்டு வருடங்கள். ஆரம்பக் கட்டம் ஒன்பது, அதன்பின் மூன்று. அந்தச் சான்றிதழோடு நேரே பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தால் பிரித்தானியாவில் பெரும்பாலும் ஒரு வருடம் பவுண்டேசன் படித்துவிட்டு வரச் சொல்வார்கள். ஆனால் போர்த்துக்கலின் கோயிம்பிரா பல்கலைக்கழகம் 2014 முதல் பிரேசிலின் தேசியப் பரீட்சையான 'எனெம்' புள்ளிகளையே ஏற்று நேரடியாக அனுமதி கொடுக்கிறது. பிறகு வேறு போர்த்துக்கேயப் பல்கலைக்கழகங்களும் அதைப் பின்பற்றின. சொந்தப் பரீட்சையின் பெறுமதி எந்த நாட்டில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போகிற மாணவர்கள் அவர்கள். எங்களுடையது பதின்மூன்று வருடப் படிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரேசில் பிள்ளைக்கு விதித்த பவுண்டேசனை நாங்கள் ஏன் காசு கட்டி வாங்க வேண்டும்?

பதில் கமிஷனில் இருக்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் நிலையங்கள் பலவற்றின் வருமானம், சேர்த்துவிடும் மாணவருக்காகக் கல்லூரி கொடுக்கும் கமிஷன். பவுண்டேசனும் பட்டப்படிப்பும் சேர்ந்து போனால் கட்டணம் கூடும், கமிஷனும் கூடும். பவுண்டேசன் வேண்டியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை: தரங்கள் மிகக் குறைந்தவர்கள், கலைப்பிரிவில் படித்துவிட்டு பொறியியல் கேட்பவர்கள், சாதாரண தரத்தோடு நிறுத்தியவர்கள். இந்தக் கடைசிக் கூட்டம் பெருகுவதுதான் எனக்குப் பெரும் கவலை. "ஓ.எல். முடிஞ்சுது, இனி ஏ.எல். எதுக்கு, ஐ.ஈ.எல்.ரி.எஸ். எடுத்தால் காணும்" என்று பதினாறு வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவது பெரிய பிழை. இரண்டு வருட இலவசக் கல்வியைக் கைவிட்டு, அதற்கு ஈடான படிப்பை இலட்சக்கணக்கில் வாங்குகிற வேலை அது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பரீட்சை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857இல் அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர்கள். பின்னர் 1970-71இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 227 புள்ளி எடுத்தால் போதும், தமிழ் மொழி மூல மாணவர் 250 எடுக்க வேண்டும் என்றானபோது, இன்னொரு தலைமுறை கடல் கடந்து போனது. அந்தத் தலைமுறையின் மைத்துனர்களும் மருமக்களும்தான் இன்றைக்கு எங்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர்கள். தாமோதரம்பிள்ளை காலத்துச் செமினரியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் பௌதிகத்தையும் பொருளியலையும் தமிழில் படிக்கிறார்கள். தாய்மொழியில் படித்த பிள்ளைக்குப் பாடம் ஆழமாகப் பதிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தைத் தனியாக, நேரத்தோடு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'நேரத்தோடு' என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உயர்தரப் பொது ஆங்கிலப் பாடம் இசட் புள்ளியில் சேராது, அதனால் ரியூட்டரியும் அதைக் கவனிக்காது. பெறுபேறு வந்தபின் மூன்று மாத வகுப்பில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் பொதுவாக 6.0 அல்லது 6.5 கேட்கும், அதோடு நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே ஒரு கீழெல்லை உண்டு. கேட்டலிலும் வாசிப்பிலும் 7 எடுத்த பிள்ளை எழுத்தில் 5 எடுத்தால் கதவு சாத்தப்படும். எங்கள் பிள்ளைகள் விழுகிற இடம் எழுத்துத்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் 150 சொல்லில் ஒரு வரைபட விளக்கமும் 250 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். பாடமாக்கிய கட்டுரையைப் பரீட்சகர் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் மிக முந்தி எடுப்பதிலும் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கிழமைக்கு ஒரு பக்கம் சொந்தமாக எழுதித் திருத்துவித்த பிள்ளைக்கு அந்த மூன்று மாத வகுப்பே தேவைப்படாது.

பெயரில் வருகிற சிக்கலை யாரும் முதலில் நினைப்பதில்லை. கவிதன் என்றொரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அவர் வெறும் கவிதன். தகப்பன் சிவகுமார் வேறொரு கட்டத்தில் இருப்பார். பரீட்சைச் சான்றிதழில் 'எஸ். கவிதன்'. கடவுச்சீட்டில் சிவகுமார் குடும்பப் பெயராகிவிடும். 'த' ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'டி எச்' என்றும், இன்னோரிடத்தில் 'டி' என்றும் இருக்கும். அரியாலையில் இது இன்னும் ஒரு படி மோசம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சிக் கண்டி வீதி வழியே எங்கள் ஊரைக் கடந்து நாவற்குழிப் பாலத்துக்குப் போனபோது, ஊரும் சேர்ந்து இடம்பெயர்ந்தது. அன்று கைவிட்டுப் போன ஆவணங்களுக்குப் பின்னர் எடுத்த பிரதிகளில் தாய் தகப்பனின் பெயரே வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதுண்டு. இந்தத் திருத்தங்களை நல்லூர் பிரதேச செயலகத்தில் உயர்தரம் படிக்கும் காலத்திலேயே தொடங்க வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அல்ல. முன்பு போல எல்லாவற்றுக்கும் கொழும்புக்குப் பஸ் ஏறவும் வேண்டியதில்லை. சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவும், 2025 செப்டெம்பர் முதல் கடவுச்சீட்டு அலுவலகமும் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே இருக்கின்றன.

பெயர் சரியாக இருக்க வேண்டியதன் காரணம் காசிலும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி ஒரு கதவு, விசா வேறொரு கதவு. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கென்று மாதத்துக்கு லண்டனில் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண் என்ற கணக்கில் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். இது 2025 நவம்பரிலிருந்து உள்ள தொகை. லண்டனுக்கு வெளியே என்றாலே 10,539 பவுண், நாற்பது இலட்சம் ரூபாவுக்கு மேல். அது தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் கிடக்க வேண்டும். இதைவிட முக்கியமானது, கணக்கு பிள்ளையின் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டரீதியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். லண்டன் சித்தப்பாவின் வங்கிக் கணக்கை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் செல்லாது. அவர் உதவ விரும்பினால் காசு முன்கூட்டியே இங்கே வந்து சேர வேண்டும். தகப்பன் கணக்கைக் காட்டினால், அவர்தான் தகப்பன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கேதான் எழுத்துக்கூட்டல் வந்து நிற்கும்.

கனடாவின் விதி வேறு. முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் போக, 2025 செப்டெம்பர் முதல் தனி மாணவர் ஒருவர் 22,895 கனேடிய டொலர் காட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பட்டப்படிப்பு மாணவருக்கு மாகாண அரசின் சான்றுக் கடிதமும் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் போனவர் சொல்கிற கதையை நம்பி இன்று விண்ணப்பிக்க வேண்டாம்.

மருத்துவத்துக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள், சேரப்போகும் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். படித்து முடித்து வந்தபின், இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் இருக்கிறது. கையில் காசில்லாத, நல்ல தரங்கள் உள்ள பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது இந்திய அரசின் புலமைப்பரிசில்களை. இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத். கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். மருத்துவம் இதில் இல்லை. 2010இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் விபரம் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். யாருக்கும் முற்பணம் கட்ட முன், பிள்ளையைக் கொண்டே அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். உயர்தரச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியை இணைத்து, இந்தத் தரங்களுக்கு நேரடி அனுமதி உண்டா, பவுண்டேசன் வேண்டுமா என்று இரண்டு வரி கேட்டால் போதும். அப்படிக் கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.