சுண்ணாம்புக்கல்லின் கீழே எண்ணெய்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியிற் கலக்கும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வதும் ஓர் உபசார வழக்கே. ஆயினும் நதி பாயாத இந்நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்திருக்கின்றன என்றால், அதற்குக் காரணம், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அடுத்த மாரி வரும்வரை கிணறுகளின் வாயிலாகச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகின்ற மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையேயாகும்.

அப்பாறையின் பிளவுகளிலும் குகைகளிலும் தங்கும் நன்னீர், தன்னிலும் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் உவர்நீர் கீழிருந்து எவ்வளவு ஏறிவரும் என்பதை இதனாலேயே ஊகிக்கலாம். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் இனிக்க, ஆழ்நீர் கரிப்பதும் இந்நியாயம் பற்றியே.

இவ்வுண்மையைச் சாஸ்திரம் படியாமலே அறிந்திருந்தவர்கள் நம் கமக்காரர்கள். ஒருவர் துலாவின் மேலேறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து ஊற்ற, வேறொருவர் செம்பாட்டுத் தறையிலே பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிய காலத்தில், இறைப்பின் அளவை மனிதருடைய கால்களே நிர்ணயித்தன. ஒரே கிணற்றில் பல குடும்பங்கள் முறைவைத்து இறைத்தன; காணி உறுதிகளிலும் நிலத்தின் பரப்போடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டன. நீர் என்பது தனியொருவன் சொத்தன்று என்னும் கொள்கை இங்கே பிரசங்கத்தில் அன்று, நொத்தாரிசின் எழுத்திலேயே இருந்தது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மிதிப்பவரின் களைப்பு என்னும் இயற்கைத் தடையும் அதனோடு நீங்கிற்று.

இத்தகைய பிரதேசத்தின் நடுவேதான் சுன்னாகம் இருக்கின்றது. வலிகாமத்து நிலத்தடி நீர்ப்படுகையும் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றது. மின்சார சபையின் பழைய நிலையம் இருந்த அவ்வூரில், போரின் இறுதிக் காலத்தையொட்டி, கனரக எண்ணெயை எரித்து மின் பிறப்பிக்கும் நிலையமொன்றை நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் நடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையார் 2013, 2014ஆம் ஆண்டுகளில் நிலையத்தைச் சூழ ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டத்துள் 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கத்தக்க அளவை மீறியிருக்கக் கண்டனர். மணற்பாங்கான நிலமாயின் அழுக்கில் ஒரு பகுதியையேனும் வடிகட்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளோ எதையும் வடிகட்டாமல், தாம் பெற்றதை அயற்கிணற்றுக்குக் கடத்திவிடுகின்றன. ஆற்றில் எண்ணெய் படர்ந்தால் ஊரார் கண்ணாற் காண்பர்; இங்கே வாளியைத் தூக்கிப் பார்த்த பின்பே தெரியும். சனங்கள் பவுசர் வரும் நேரத்தைக் காத்திருந்து குடிநீர் பெறவேண்டியதாயிற்று.

இதுபற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, மாசு செய்தவரே அதன் விலையைச் செலுத்தவேண்டும் என்னும் கோட்பாட்டைப் பிரயோகித்து, அந்நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நஷ்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. பாதிக்கப்பட்டோருள் 500 பேர்வரை, ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் அதனைப் பங்கிடலாம் என்பது ஏற்பாடு. கோட்பாட்டளவில் இது மகத்தான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. தொகையளவில் என் அபிப்பிராயம் வேறு.

விந்தையென்னவெனில், அதே மாதம் 26ஆந் திகதி, தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டிலும் எண்ணெயைப் பற்றிய ஒரு தீர்ப்பு வெளிவந்தது. அமேசன் வனத்தின் மேற்கெல்லையில் வாழும் வாவோரானி மக்கள், 1950களின் பிற்பகுதி வரை வெளியாரை ஈட்டியோடு எதிர்கொண்டவர்கள். ஒருவகைப் பனைமரத்தில் ஊதுகுழல் செய்து வேட்டையாடி, வேறொரு பனையின் நாரிலே தொங்கற்படுக்கையும் பையும் பின்னும் அவர்களுடைய வாழ்க்கை, பனையோடு பிறந்து பனையோடு வளர்ந்த நமக்கு அத்துணை அந்நியமாகத் தோன்றாது. அவர்களுடைய ஏறக்குறைய 1,80,000 ஹெக்டயர் காட்டை எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஏலம் விட அரசாங்கம் முயன்றபோது, நெமொந்தே நென்கிமோ என்னும் பெண்மணி முன்னின்று நடத்திய வழக்கில், மக்களிடம் முறைப்படி கலந்தாலோசிக்கவில்லை என்று பஸ்தாசா மாகாண நீதிமன்றம் கண்டு அம்முயற்சியைத் தடுத்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டில், யசுனி வனத்தின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த வேண்டுமென அந்நாட்டு வாக்காளருள் ஏறத்தாழ நூற்றுக்கு 59 பேர் தீர்மானித்தனர்.

வாவோரானி மக்களின் வழக்கில் கேள்வி எண்ணெய்க் கிணறு தோண்டுமுன் எழுந்தது. இங்கே குடிநீர்க் கிணறு கெட்டபின் எழுந்தது. சுன்னாகத்தில் நிலையம் அமையுமுன் அயலிலுள்ள கிணற்றுப் பங்காளரை அழைத்துச் சம்மதம் கேட்பது எவருடைய சிந்தையிலும் உதித்திராது. நிலத்தடி நீரைப் பொறுத்தமட்டில் பிந்திவரும் நீதிக்குள்ள பெறுமதி மிகக் குறைவு; பாறைக்குள் இறங்கிய எண்ணெயைத் தீர்ப்பு எதுவும் மேலே எடுத்து வருவதில்லை.

எண்ணெயை மாத்திரம் குற்றங்கூறி நாம் தப்பிக்கவும் முடியாது. வெங்காயப் பாத்திகளுக்கு அளவின்றி இடும் உரமும், கிணற்றுக்கு அண்மையில் தோண்டிய மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றாகக் கரைந்து அதே வெடிப்புகளில் இறங்குகின்றன. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வழக்குத் தொடுக்கப் பிரதிவாதியும் இல்லை.

இப்பொழுது வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்துள்ளது. அதன் குழாய்கள் அடுப்படிக்கு நீர் கொணரும்; தோட்டத்துக்கு வேண்டிய நீரையோ கமக்காரர் இனியும் அதே சுண்ணாம்புக் கிணற்றிலிருந்துதான் இறைத்தாக வேண்டும்.